நாற்பது கொண்டை ஊசிகளும் ஒரு சைக்கிளும்



"வால்பாறைக்கா? சைக்கிள்லயா? பஸ்ஸே முக்கி முனகித்தான் ஏறுது, உங்களால முடியுமா?" ஆழியாறு மலைச்சாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்தோம் என்று சொன்னால், விடுதியில் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பத்தாவது ஆள் மட்டும், "அடுத்த வருஷம் நாங்களும் போறோம்ணா" என்கிறான். இந்தக் கட்டுரை அந்தப் பத்தாவது ஆளுக்காக எழுதப்படுகிறது.

மேகம் முத்தமிட்டது, தென்றல் தாலாட்டியது என்றெல்லாம் எழுத இந்த மலரிலேயே என்னைவிடத் திறமையான கவிஞர்கள் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல் மாணவன். மூன்று ஆண்டுகளாக வகுப்பில் கேட்ட சாய்தளம், பல்சக்கரம், உராய்வு எல்லாம் ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதைத்தான் சொல்லப்போகிறேன். கணக்கு வரும். பயப்பட வேண்டாம், எல்லாம் நமக்குத் தெரிந்த கணக்குதான்.

பாதை எது?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 64 கி.மீ. ஆழியாறு வரை தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஏறக்குறைய சமதரை. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டத்தின் அணை அங்கே இருக்கிறது. அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடி, அதற்கப்புறம் குரங்கு அருவி. பிறகு ஆரம்பிக்கிறது விளையாட்டு! ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்ட கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. பாதை அமைத்த பொறியாளர் லோம் பெயரால் அந்த இடம் வழங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் கீழே ஆழியாறு அணைநீர் ஒரு வெள்ளித்தட்டு மாதிரி தெரியும். அதன் பிறகு அட்டகட்டி, வாட்டர்பால்ஸ் எஸ்டேட், மூடுபனிக்குப் பெயர்போன கவர்கல், ரொட்டிக்கடை, கடைசியில் வால்பாறை.

சாலையின் பெரும்பகுதி ஆனைமலைக் காட்டுக்குள் போகிறது. 1976-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு 2007-இல் புலிகள் காப்பகம் ஆனது. ஆக, நாம் ஓட்டுவது வெறும் மலைச்சாலை அல்ல, வனவிலங்குகளின் வீட்டு வாசல். இதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஆழியாறு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடி. வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி. இடையே 2,500 அடி, அதாவது 760 மீட்டர். ஆழியாற்றிலிருந்து வால்பாறை 40 கி.மீ. என்றால் சராசரி ஏற்றம் 2 சதவீதம்கூட இல்லையே என்று கேட்பீர்கள். எங்கள் குழுவிலும் ஒருவன் கிளம்புவதற்கு முதல்நாள் இப்படிக் கணக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினான். சராசரி ஏமாற்றும், நண்பர்களே! ஏற்றம் முழுவதும் சாலை நெடுகச் சமமாகப் பங்கிடப்படவில்லை. கொண்டை ஊசிகள் இருக்கும் பகுதியில் குவிந்து கிடக்கிறது. மேலே போனபின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி ஏறி இறங்குகிறது. இறங்கிய ஒவ்வொரு அடியையும் மறுபடி ஏறித்தான் ஆகவேண்டும்.

சாலை ஏன் வளைகிறது?

இது சிவில் நண்பர்களின் பாடம். எனக்குப் புரியவைத்ததும் அவர்கள்தான்.

300 மீட்டர் உயரமுள்ள ஒரு சரிவை 6 சதவீத ஏற்றத்தில் ஏற 5 கி.மீ. சாலை வேண்டும். ஆனால் அந்தச் சரிவின் அடியிலிருந்து உச்சிக்கு நேர்த்தூரம் ஒரு கி.மீ. கூட இருக்காது. ஐந்து கி.மீ. சாலையை ஒரு கி.மீ. இடத்துக்குள் எப்படி வைப்பது? எட்டு முழ வேட்டியை மடித்துப் பெட்டியில் வைக்கிறோமே, அப்படித்தான். ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டை ஊசி.

இந்திய சாலைக் காங்கிரசின் விதிகளில், மலைப்பகுதிச் சாலைக்கு வழக்கமான ஏற்றம் 20-க்கு 1, அதாவது 5 சதவீதம். தவிர்க்க முடியாத இடத்தில் 7 சதவீதம் வரை விடலாம். கொண்டை ஊசி வளைவுக்குள் மட்டும் 40-க்கு 1, அதாவது இரண்டரை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. வளைவின் உள் ஆரம் குறைந்தது 14 மீட்டர். வால்பாறைச் சாலை இந்த விதிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வளைவும் அந்த அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தத்துவம் ஒன்றுதான்: திரும்பும் இடத்தில் ஏற்றம் குறையவேண்டும்.

இதில் சைக்கிள்காரனுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கொண்டை ஊசி என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் கால் வலிக்கச் செய்வது வளைவு அல்ல, இரண்டு வளைவுகளுக்கு நடுவே இருக்கும் நேர்சாலைதான். வளைவு இளைப்பாறும் இடம். ஆனால் ஒரு நிபந்தனை: வெளிப்பக்கமாகப் போகவேண்டும். உள்விளிம்பின் ஆரம் 14 மீட்டர் என்றால் அரைவட்டம் 44 மீட்டர். ஒன்பது மீட்டர் அகலச் சாலையின் வெளிவிளிம்பில் அதே அரைவட்டம் 72 மீட்டர். இரண்டு வழியிலும் ஏறும் உயரம் ஒன்றே. ஆகவே உள்பக்கம் ஒட்டிப் போகிறவனுக்கு ஏற்றம் ஒன்றரை மடங்குக்கும் அதிகம். "குறுக்குவழி"யில் போகிறவன் மூச்சு வாங்குவது இதனால்தான்.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு இயல்பாகவே நமக்குக் கிடைக்கும். இடப்பக்க வளைவில் உள்விளிம்புதான் நம் வழி. அங்கே வலப்பக்கம் தாவி விடாதீர்கள். எதிரே வரும் லாரிக்கு நம் சிரமம் தெரியாது. முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள்.

பெடல் கணக்கு

எங்கள் விடுதி வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிளைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்த்தேன். முன்னால் செயின் சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். விகிதம் 2.44. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடுகிறது. ஆகவே பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். சமதரைக்கு இது அருமையான விகிதம். மலையில்?

ஆள் 60 கிலோ, வண்டி 20 கிலோ, மொத்தம் 80 கிலோ. 6 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னால் இழுப்பது 47 நியூட்டன். டயர் உருள்வதில் வீணாகும் 8 நியூட்டனையும் சேர்த்தால் 55 நியூட்டன். இந்த விசை சக்கரத்தின் விளிம்பில் வேண்டும். சக்கரத்தின் ஆரம் 35 செ.மீ., விகிதம் 2.44, கிராங்கின் நீளம் 17 செ.மீ. இவற்றைப் போட்டுப் பார்த்தால், காலின் சராசரி அழுத்தம் 276 நியூட்டன், அதாவது 28 கிலோ எடை. இது சராசரிதான். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது அழுத்தியும் பயனில்லை. ஆகவே நடுவில், கிராங்கு படுக்கையாக இருக்கும்போது, 44 கிலோ வரை அழுத்தவேண்டும்.

60 கிலோ ஆள் ஒவ்வொரு மிதிக்கும் 44 கிலோ அழுத்துவது என்றால்? சீட்டில் உட்கார்ந்து முடியாது. எழுந்து நின்று, ஒவ்வொரு காலாக உடம்பையே தூக்கிப் போடவேண்டும். எட்டு கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 25 மிதி வீதம் மணிக்கணக்காக! மாடிப்படி ஏறுவதைவிடக் கொடுமை.

இப்போது கியர் வண்டியைப் பாருங்கள். முன்னால் சிறிய சக்கரம் 28 பல், பின்னால் பெரிய சக்கரம் 28 பல், விகிதம் 1. மொத்த எடை அதே 80 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். 26 அங்குலச் சக்கரம். அதே ஏற்றம், அதே எட்டு கி.மீ. வேகம். சராசரி அழுத்தம் 11 கிலோ, மிதிகள் நிமிடத்துக்கு 64. இரண்டு வண்டிக்கும் தேவையான திறன் ஒன்றேதான், சுமார் 122 வாட். கியர் நமக்குச் சக்தியை இனாமாகத் தருவதில்லை. பெரிய நோட்டைச் சில்லறையாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் தசைக்குச் சில்லறைதான் பிடிக்கும்! 44 கிலோவை ஆயிரம் முறை அழுத்தினால் முட்டி போய்விடும். அதில் பாதிக்கும் குறைவான அழுத்தத்தைப் பல ஆயிரம் முறை கொடுத்தாலும் மறுநாள் வகுப்புக்கு நடந்து வரலாம்.

நாங்கள் ஆறு பேர் போனோம். நான்கு கியர் வண்டி, இரண்டு சாதாரண வண்டி. முதலில் வால்பாறை போய்ச் சேர்ந்தது யார் தெரியுமா? எங்கள் கபடி கேப்டன் அல்ல. அவன் முதல் ஐந்து வளைவையும் போட்டி போட்டு ஏறிவிட்டு, ஏழாவது வளைவில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முதலில் போனவர் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு மாணவி ஒருவர். ஆரம்பத்திலிருந்தே மிகச் சிறிய கியர். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு மூச்சு. "பேச்சு திக்க ஆரம்பிச்சா வேகத்தைக் குறைச்சிடுவேன், அவ்வளவுதான்" என்றார். இதைவிட எளிதான மீட்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.

சாதாரண வண்டிக்காரர்கள் வரவே கூடாதா? வரலாம். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கமே வேண்டாம். நடந்து தள்ளினால் பாதி வேகம், பாதித் திறன். எங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் வந்தார்கள், எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால்.

இட்லிக் கணக்கு

80 கிலோவை 760 மீட்டர் உயரம் தூக்கும் வேலை சுமார் 600 கிலோஜூல். உணவுக் கணக்கில் 142 கிலோகலோரி. "இவ்வளவுதானா?" என்று நினைக்காதீர்கள். நம் உடம்பு ஓர் இஞ்சின். அதன் பயனுறுதிறன் நூற்றுக்கு 22 முதல் 25 வரைதான். மீதியெல்லாம் வெப்பம், அதனால்தான் வியர்வை. ஆகவே சாப்பாட்டில் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். ஓர் இட்லி 50 கிலோகலோரி என்றால் பன்னிரண்டு இட்லி. இது வெறும் உயரத்துக்கு மட்டும். நடுவில் ஏறி இறங்குவதும் டயர் உராய்வும் தனி.

பன்னிரண்டு இட்லியையும் ஆழியாற்றில் ஒரேயடியாகச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வயிறு கல்லாகிவிடும். அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவேண்டும். எங்களுக்குக் கை கொடுத்தது கடலைமிட்டாயும் வாழைப்பழமும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கூடவே உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. பசி எடுத்தபின் சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

"மலைமேல காத்து கம்மியாயிடும், மூச்சு முட்டும்" என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 3,500 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 88 சதவீதம். மூச்சு முட்டினால் காரணம் காற்று அல்ல, நம் அவசரம். குளிர்தான் கவனிக்கவேண்டியது. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. ஆழியாற்றைவிட வால்பாறையில் ஐந்து டிகிரி குறைவு. ஏறும்போது தெரியாது. வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்க ஆரம்பித்தால் விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. சட்டைக்குள் நெஞ்சில் ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள். காசில்லாத ஸ்வெட்டர் அது.

இறக்கம்தான் பரீட்சை

நண்பர்களே, இதுவரை படிக்காமல் புரட்டியவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். ஏறும்போது தப்பு செய்தால் கால் வலிக்கும். இறங்கும்போது தப்பு செய்தால் வீட்டுக்குத் தந்திதான்.

ஏறும்போது சேர்த்துவைத்த 600 கிலோஜூலும் இறங்கும்போது எங்காவது போகவேண்டும். கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதியைப் பிரேக் கட்டை வாங்கவேண்டும். 6 சதவீத இறக்கத்தில் பிரேக்கே தொடாமல் விட்டால், காற்றின் தடை சமன் செய்யும்வரை வேகம் ஏறி, மணிக்கு 37 கி.மீ. பக்கம் நிற்கும். 8 சதவீதத்தில் 44 கி.மீ. கேட்க ஜாலியாக இருக்கும். ஆனால் 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் டயர் வழுக்காமல் நிதானமாகத் திரும்ப 22 கி.மீ. வேகம்தான் பாதுகாப்பு. ஆகவே ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் 37-ஐ 22 ஆக்கவேண்டும். இப்படி நாற்பது முறை.

வேகத்தை எங்கே குறைப்பது? வளைவுக்கு முன்னால், நேர்சாலையிலேயே. வளைவுக்குள் அல்ல. காரணம் எளிது. டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு ஓர் அளவுதான். திரும்புவதற்கும் அதே பிடிப்பு, நிறுத்துவதற்கும் அதே பிடிப்பு. வளைவுக்குள் முழுப் பிடிப்பும் திரும்புவதில் செலவாகிக் கொண்டிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் மிச்சம் ஏது? வண்டி படுத்துவிடும்.

முன் பிரேக்கா, பின் பிரேக்கா? வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குச் சாய்கிறது. இறக்கத்தில் இன்னும் கூடுதலாகச் சாயும். ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போவான். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்கும். இரண்டையும் சேர்த்து, முன்னதைப் படிப்படியாக அழுத்தவேண்டும். உடம்பைச் சீட்டில் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மழையில் இரும்பு ரிம் உள்ள வண்டிக்குப் பிரேக் பெயருக்குத்தான். ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிடும். அந்த வண்டியோடு மழையில் இறங்காதீர்கள், தள்ளிக்கொண்டு நடங்கள்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று இரவு வால்பாறையில் தங்கினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, இறங்குமுன் எல்லா வண்டியையும் சோதித்தோம். என் அறைத்தோழனின் வண்டியில் பின் பிரேக் கட்டையின் ரப்பர் தேய்ந்து, உள்ளே இரும்பு எட்டிப் பார்த்தது. திறந்திருந்த ஒரே சைக்கிள் கடையில் அந்த அளவுக் கட்டை இல்லை. அவன் அசரவில்லை.

"முன் பிரேக் நல்லாத்தானேடா இருக்கு? பாதி பிரேக்னா பாதி வேகத்துல வர்றேன். நாற்பது வளைவும் ஏறிட்டு இறங்காம போனா ஹாஸ்டல்ல மானம் போயிரும்."

டீக்கடை பெஞ்சில் ஒரு காகிதத்தை விரித்துக் கணக்குப் போட்டோம். சமதரையில் 20 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கும் பிடித்தால் ஐந்து மீட்டரில் நிற்கும் வண்டி அது. வேகம் குறையும் வீதம் வினாடிக்கு வினாடி 3 மீட்டர். 6 சதவீத இறக்கத்தில் சரிவு அதிலிருந்து 0.6-ஐப் பிடுங்கிக்கொள்ளும். மீதி 2.4. 22 கி.மீ. வேகத்தில் வந்தால் எட்டு மீட்டரில் நிற்கலாம். சரி, பிரேக் பாதியானால்? 3 பாதியாகி 1.5. சரிவு பிடுங்குவது மட்டும் பாதியாகாது! அதே 0.6 போக மீதி வெறும் 0.9. இப்போது நிற்க 21 மீட்டர் வேண்டும். பிரேக் பாதியானால் தூரம் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைத்தோம். இரண்டரை மடங்கையும் தாண்டிவிட்டது. அந்த முன் பிரேக் ஒயரும் அறுந்தால்? அதற்கு விடையே கிடையாது.

ஐந்துக்கு ஒன்று ஓட்டில் முடிவானது. அவன் பஸ்ஸில் இறங்கினான். அவன் சைக்கிளை, காய்கறி இறக்கிவிட்டுப் பொள்ளாச்சி திரும்பிய வேனில் ஏற்றிவிட்டோம். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் அப்படி வாடிப்போயிருந்தது.

நாங்கள் ஐவர் இறங்கினோம். பதிமூன்றாம் எண் வளைவைத் தாண்டிய திருப்பத்தில், சாலையை முழுதும் அடைத்துக்கொண்டு ஒரு லாரி பின்வாங்கிக் கொண்டிருந்தது. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. தப்பு லாரி மேல் இல்லை. நிதான வேகத்தில்தான் வந்தேன், இரண்டு பிரேக்கும் பிடித்தேன். வண்டி நின்றபோது எனக்கும் லாரிக்கும் நடுவே நாலடி இருந்தது. நாலடி! டீக்கடைக் காகிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

விடுதிக்கு வந்து அவனிடம் அந்த லாரிக் கதையைச் சொன்னேன். பதில் பேசவில்லை. மறுநாள் காலை எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து மேசைமேல் வைத்தான்.

காட்டுக்குச் சொந்தக்காரர்கள்

சைக்கிளுக்குச் சத்தமில்லை. அதுதான் அதன் பெருமை, காட்டில் அதுவே ஆபத்து. பஸ் வருவதை யானை தூரத்திலேயே கேட்டு ஒதுங்கும். சைக்கிள் வருவது அதற்குத் தெரியாது. திருப்பத்தில் இருவரும் திடுக்கிட்டுச் சந்தித்தால் நட்டம் நமக்குத்தான். ஆகவே வளைவுக்கு முன் மணி அடியுங்கள், காட்டுக்குள் பாட்டுப்பெட்டி மட்டும் வேண்டாம். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, பின்னால் வரும் பஸ்ஸுக்கோ காருக்கோ காத்திருங்கள். யானையைக் கடந்து போகிற வீரம் கல்லறைக்கு உதவும்.

வால்பாறையில் யானைக்கும் மனிதனுக்கும் உள்ள சிக்கல் பெரியது. தேயிலைத் தோட்டங்கள் யானைகளின் பழைய வழித்தடத்தில் அமைந்திருக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அங்கே ஓர் அருமையான ஏற்பாடு செய்தார்கள். யானை நிற்கும் இடத்தைச் சுற்றுவட்டார மக்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாக அனுப்புவது, தூரத்திலிருந்தே தெரியும்படி சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியவைப்பது. இந்தப் பணிக்காக ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, கவனியுங்கள். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, ஒரு கைப்பேசியும் ஒரு விளக்கும்! உயிர்களைக் காக்க அது போதுமாக இருந்திருக்கிறது.

ஒன்பதாவது வளைவுப் பக்கம் பாறைகளில் வரையாடு நிற்பதைப் பார்க்கலாம். நம் மாநில விலங்கு அது. செங்குத்துப் பாறையில் அது நிற்கும் நிதானத்தைப் பார்த்தால், நாம் கியர் மாற்றி மூச்சு வாங்குவது சிரிப்பாக இருக்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள். சோலைக்காட்டு மரக்கிளைகளிலேயே வாழ்ந்த இந்தக் குரங்குகள், காடு துண்டானதால் சாலையில் இறங்கிக் கடக்கின்றன. அவை வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள்.

குரங்குக்குத் தின்பண்டம் கொடுப்பது தர்மம் என்று நினைக்கிறோம். கொடுத்த இடத்தில் அது மறுநாளும் வந்து உட்காரும், வண்டிச் சக்கரத்தில் மாட்டும். கடலைமிட்டாய்க் காகிதத்தைக்கூடப் பையிலேயே வைத்துக் கீழே கொண்டுவாருங்கள்.

கிளம்புமுன்

ஜூன் முதல் செப்டம்பர் வரை போகாதீர்கள். வால்பாறைக்கு அருகே உள்ள சின்னக்கல்லாறுதான் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடம். அந்த மாதங்களில் சாலை ஆறாகும், பிரேக் வேலை செய்யாது. மழை ஓய்ந்தபின் போங்கள்.

சோதனைச் சாவடியின் நேரக் கட்டுப்பாட்டையும் அனுமதி விதிகளையும் கிளம்புவதற்கு முந்தின வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் சாவடியில் நின்றால், இளைப்பாறி இளைப்பாறிப் போனாலும் மதியத்துக்குமேல் வால்பாறை சேரலாம். பொழுது சாய்ந்தபின் அந்தச் சாலை நமக்கு உரியதல்ல. அதே நாளில் இறங்க நினைக்காதீர்கள். களைத்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது.

பிரேக் கட்டை நான்கும் புதிது போடுங்கள். இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். இரண்டு பிரேக் ஒயர், ஒரு டியூப், பஞ்சர் சாமான், காற்றடிக்கும் பம்பு, ஸ்பானர். ஆளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். தலைக்கவசம். தனியாகப் போகாதீர்கள். குழுவில் மிக மெதுவாக ஓட்டுகிறவர்தான் வேகத்தை நிர்ணயிக்கவேண்டும்.

இன்னொன்று. வண்டியைச் சோதிக்கும் நேரத்தில் நட்பு, ரோஷம், பந்தயம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். "இந்த வண்டி இறங்கக்கூடாது" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேலி செய்யாமல் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். டிப்ளமோ படிக்கிற நமக்கு அந்தக் கணக்கு தெரியும்.

என் அறைத்தோழன் இப்போது புதுப் பிரேக் கட்டை போட்டுவிட்டான். மூன்று மாதமாக வாரம் ஒருநாள் ஓட்டிப் பழகுகிறான். அடுத்த ஜனவரியில் நாங்கள் இருவரும் மறுபடி கிளம்புகிறோம், இந்தமுறை அவனும் சைக்கிளிலேயே இறங்குவான். கூட வர விருப்பமுள்ளவர்கள் உங்கள் வண்டியோடு ஒர்க்‌ஷாப் பக்கம் வாருங்கள். முதலில் பிரேக்கைப் பார்ப்போம், பிறகு தேதியைப் பேசுவோம்.